அம்மாவின் மூக்குக்கு ஒரு வைரம்

கல்யாணத்துக்குப் போனால் மற்றவர்கள் புடவையைப் பார்ப்பார்கள், கழுத்தைப் பார்ப்பார்கள், பந்தியில் எத்தனை வகை என்று பார்ப்பார்கள். என் அம்மா மூக்கைப் பார்ப்பாள். மேடையில் தாலி கட்டுகிறார்களா, அவிழ்க்கிறார்களா என்பதெல்லாம் அவளுக்குப் பொருட்டில்லை. வந்திருக்கும் பெண்களின் மூக்கை வரிசையாகப் பார்த்துக்கொண்டே போவாள். எங்காவது ஒரு மூக்குத்தி பளிச்சென்று வெட்டினால் அங்கேயே நின்றுவிடுவாள். "அது வைரம்டீ" என்று என் காதில் சொல்வாள். எப்படித் தெரியும் என்று கேட்டால், "அது நம்மளக் கூப்புடுது பாரு" என்பாள். கண்ணாடிக் கல்லை நாம் தேடிப் போய்ப் பார்க்க வேண்டும், வைரம் தானாகக் கூப்பிடும் என்பது அவளுடைய கணக்கு. வைரத்தைப் பற்றி அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

அவள் மூக்கில் இருந்தது வெள்ளைக் கண்ணாடிக் கல். கல்யாணத்தில் போட்டது. கல்யாணமான புதிதில் நைனா அவளுக்கு ஒரு வாக்குக் கொடுத்திருந்தார். அடுத்த மல்லாட்டை வரட்டும், உனக்கு வைர மூக்குத்திதான் என்று. எங்கள் பக்கம் வேர்க்கடலைக்கு மல்லாட்டை என்று பெயர். அடுத்த மல்லாட்டை கிணற்றுக்குப் போயிற்று. அதற்கடுத்தது நான் பிறந்த செலவுக்கு. அப்புறம் போர் போட்டது, அந்த போரில் தண்ணீர் வராமல் இன்னொரு போர் போட்டது, என் காலேஜ், ஹாஸ்டல் என்று ஒவ்வொரு மல்லாட்டைக்கும் ஒரு வாய் திறந்திருந்தது.

நைனா அதை மறந்துவிட்டிருந்தால் கூடப் பரவாயில்லை. மறக்கவில்லை. ஒவ்வொரு அறுவடை முடிந்ததும் அவரே பேச்செடுப்பார். "இந்த வாட்டியும் ஆவலமே" என்பார். "நான் கேட்டனா?" என்பாள் அம்மா. உண்மைதான், அவள் ஒரு நாளும் கேட்டதில்லை. கேட்காத பொருளுக்கு எப்படி முப்பது வருஷம் ஆசைப்பட முடியும் என்பதை அவளிடம்தான் தெரிந்துகொள்ள வேண்டும்.

எனக்கு செஞ்சியில் நெல் மண்டியில், அரசாங்க விற்பனைக்கூடத்தில் வேலை. கமிட்டி என்றால்தான் எங்கள் ஊரில் எல்லோருக்கும் புரியும். விவசாயிகள் கொண்டுவரும் மூட்டைகளில் மாதிரி எடுத்து, ஈரம் எவ்வளவு, பதர் எவ்வளவு, கல் மண் எவ்வளவு என்று பார்த்துத் தரம் எழுதுவது என் பொறுப்பு. பொன்னியைக் கையில் அள்ளிய உடனே சொல்லிவிடுவேன். மல்லாட்டையை உடைத்துப் பருப்பைப் பார்க்க வேண்டும், குலுக்கினாலே பாதி தெரிந்துவிடும். இந்த வேலையில் எனக்கு நல்ல பெயர் உண்டு. கெட்ட பெயரும் உண்டு. மனுஷன் விதைத்து, தண்ணீர் கட்டி, அறுத்து, தூற்றி, வண்டி வைத்துக் கொண்டுவந்து இறக்குவான். நான் ஒரு கைப்பிடியை அள்ளிப் பார்த்து உதட்டைப் பிதுக்குவேன். "இந்த அம்மா அவங்க வூட்டு சோத்துலயும் கல்லுதான் தேடும்" என்று ஒரு பெரியவர் என் முன்னாலேயே சொன்னார். கோபம் வந்தது. அவர் சொன்னது பொய் இல்லை என்பதால் இன்னும் கொஞ்சம் அதிகமாக வந்தது.

வேலைக்கு வந்து சில வருஷம் ஆனதும் நானே அம்மாவுக்கு மூக்குத்தி வாங்குவதென்று முடிவு செய்தேன். நைனாவிடம் சொன்னபோது அவர் முகம் சுருங்கிவிட்டது. "அது நான் சொன்ன சொல்லு" என்றார். அந்த வருஷம் மல்லாட்டை சுமாராக விளைந்திருந்தது. அதை விற்றதில் பாதியைக் கொண்டுவந்து என் கையில் வைத்தார். "பாதி நீ, பாதி நான். வாங்கிக் குடுத்தது நான்தான்னு சொல்லணும், தெரிதா?" என்றார். சிரித்துக்கொண்டேதான் சொன்னார், ஆனால் விளையாட்டுக்குச் சொல்லவில்லை.

பஜாரில் நகைக்கடை வைத்திருக்கும் சேட்டு என்னோடு பள்ளிக்கூடத்தில் படித்தவர். தாத்தா காலத்தில் வடக்கேயிருந்து வந்த குடும்பம். ஆனால் அவர் 'இன்னா' போட்டுப் பேசுவதைக் கேட்டால் எங்களையெல்லாம் வெளியூர் என்றுதான் நினைப்பீர்கள். எனக்கு அரசாங்க உத்தியோகம் வந்ததிலிருந்து கிண்டலாக மேடம் என்றுதான் கூப்பிடுவார். பதினைந்து சென்ட் எடையில் ஒரு கல்லை எடுத்து வைத்தார். ஒரு காரட் எடையை நூறாகப் பிரித்தால் அதில் ஒரு பங்கு ஒரு சென்ட். அரிசியின் உடைந்த நொய் அளவுதான் இருந்தது. அவர் அதை இடுக்கியால் தூக்கி ஜன்னல் பக்கம் திருப்பியதும், அம்மா சொன்னதுபோலவே அது எங்களைக் கூப்பிட்டது.

"கட்டறதுக்கு முன்னாடி வூட்டுக்கு எடுத்துக்கினு போயி ராசி பாத்துட்டு வாங்க மேடம்" என்று வெண்ணெய்த்தாளில் மடித்துக் கொடுத்தார். எங்கள் பக்கம் வைரம் வாங்குகிறவர்கள் எல்லோரும் இதைச் செய்வார்கள். தங்கத்துக்கு இது கிடையாது, வெள்ளிக்குக் கிடையாது. வைரம் எல்லோருக்கும் ஒத்துக்கொள்ளாது, ஒத்துக்கொள்ளாத வீட்டைக் கவிழ்த்துவிடும் என்று ஒரு பயம். அதனால் ஏழு நாள் கல்லை வீட்டில் வைத்திருப்பார்கள். அந்த ஏழு நாளில் நல்லது நடந்தால் கல் தங்கும். மாடு படுத்துக்கொண்டாலோ, யாருக்காவது காய்ச்சல் வந்தாலோ, கல் கடைக்குத் திரும்பிவிடும். கடைக்காரரும் ஒரு கேள்வி கேட்காமல் வாங்கிக்கொள்வார். படித்தவள் என்ற முறையில் எனக்கு இதில் நம்பிக்கை இல்லை. இருந்தாலும் வாங்கிக்கொண்டு சனிக்கிழமை ஊர் பஸ் ஏறினேன்.

ஊர் தளவானூர் பக்கம். அம்மா கையைக் கழுவித் துடைத்துக்கொண்டு வந்து பொட்டலத்தை வாங்கினாள். பிரித்துப் பார்த்தாள். திரும்ப மடித்து, மஞ்சள் துணியில் சுற்றி, முந்தானையில் முடிந்துகொண்டாள். சாமி மாடத்தில் வைக்கச் சொன்னேன். "எலி தூக்கிப் போயிடும்" என்றாள். எங்கள் வீட்டில் எலி இருந்ததாக அன்றுதான் கேள்விப்படுகிறேன்.

அந்த வாரம் முழுக்க நான் போனில் அம்மாவின் குரலைக் கேட்டேன், அது வேறு குரல். ஞாயிற்றுக்கிழமை மழை பெய்தது. அது கல்லால். ஒரு மாதமாக வராத மெக்கானிக் திங்கட்கிழமை தானாக வந்து மோட்டாரைச் சரி செய்து கொடுத்தான். அதுவும் கல்லால். நைனாவின் முட்டி வலி குறைந்துவிட்டது. பசு அரை லிட்டர் கூடக் கறந்தது. "ராசியான கல்லுடீ" என்று தினமும் ஒரு சாட்சி வைத்திருந்தாள். புதன்கிழமை நைனா போனை வாங்கிப் பேசினார். "ஒரு வாட்டி மூக்குல வச்சுக் காட்டுமேன்னு கெஞ்சறேன். காட்ட மாட்டேங்குறா உங்கம்மா" என்றார். பின்னாலிருந்து அம்மா கத்துவது கேட்டது. "ஏழு நாள் போவட்டும். வெள்ளிக்கிழமை தலைக்கு ஊத்திக்கினு வச்சுக் காட்டறேன். அப்ப பாரு, யாரு வேணாங்கறாங்க!" ஐம்பதைத் தாண்டிய ஒருத்தியின் குரலில் அப்படி ஒரு வெட்கத்தை நான் அதற்கு முன் கேட்டதில்லை.

நான் அந்த வாரம் சும்மா இருந்திருக்கலாம். இருக்கவில்லை. இவ்வளவு பணம் போட்டு வாங்குகிற பொருளைத் தரம் பார்க்காமல் வாங்குவதா என்று உள்ளே ஒரு அரிப்பு. போனில் வைரம் பற்றி வீடியோவாகப் பார்த்துத் தள்ளினேன். பத்து மடங்கு பெரிதாகக் காட்டும் லென்ஸும் ஒரு இடுக்கியும் ஆர்டர் போட்டேன். வியாழக்கிழமை காலை கூரியர் வந்தது. அரை நாள் லீவு எழுதிக் கொடுத்துவிட்டு பஸ் ஏறினேன்.

அம்மா முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தாள். கல்லை இடுக்கியில் பிடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று. இரண்டு முறை கீழே விழுந்து இரண்டு முறையும் நாங்கள் மூவரும் தரையில் தவழ்ந்தோம். கடைசியில் வாசல் வெளிச்சத்தில் லென்ஸைக் கண்ணோடு ஒட்டிப் பிடித்துப் பார்த்தேன். உள்ளே ஓரமாக, கடுகை நூறாக உடைத்ததில் ஒரு துண்டு போல, கறுப்பாக ஒன்று இருந்தது.

"அம்மா, இதுல கரும்புள்ளி இருக்குது" என்றேன்.

நான் சொன்னது விலையை மனதில் வைத்து. சேட்டு நம்மை ஏமாற்றிவிட்டார், இந்தப் பணத்துக்கு இன்னும் சுத்தமான கல் வாங்கலாம் என்பதுதான் என் நினைப்பு. ஆனால் கரும்புள்ளி உள்ள வைரத்தைப் போட்டால் தாலிக்கு ஆகாது என்பது எங்கள் பக்கத்துப் பேச்சு. அது எனக்குத் தெரியாதா என்றால், தெரியும். ஆனாலும் கண்டுபிடித்ததைச் சொல்லாமல் இருக்க என்னால் முடியவில்லை. என் கெட்டிக்காரத்தனத்தை அந்த நிமிஷம் யாராவது பார்க்க வேண்டியிருந்தது.

அம்மா சட்டென்று நைனாவைத் திரும்பிப் பார்த்தாள். "எடுத்துக்கினு போ" என்றாள் என்னிடம். "இப்பவே எடுத்துக்கினு போயி குடுத்துடு." நைனா சிரித்தார். "கண்ணுக்கே தெரியாத புள்ளி என்னை இன்னாமே பண்ணும்? இருந்துட்டுப் போவட்டும். ஆறு நாளா நல்லாத்தான இருக்கறேன்" என்றார். அம்மா கேட்கவில்லை. நான் பொட்டலத்தை மடித்துக் கைப்பையில் வைத்துக்கொண்டேன். விடிந்தால் வெள்ளிக்கிழமை. அம்மா அரைத்து வைத்திருந்த சீயக்காய் அடுப்படியில் கிண்ணத்தில் இருந்தது.

சேட்டு லென்ஸ் எதுவும் எடுக்கவில்லை. நான் சொன்னதைக் கேட்டுவிட்டுப் பொட்டலத்தை வாங்கி உள்ளே வைத்தார். "பத்து மடங்கு பெருசு பண்ணிப் பாத்தா என் மூஞ்சிலயும் புள்ளி இருக்குது மேடம். வூட்ல சேத்துக்கினுதான் இருக்காங்க" என்றார். நான் சிரிக்கவில்லை. எனக்கு அப்போது ரொம்ப நியாயம் பேச வேண்டியிருந்தது.

அதோடு விட்டேனா? முறையாகவே கற்றுக்கொள்வதென்று சென்னையில் நான்கு ஞாயிற்றுக்கிழமை நடக்கும் ஒரு வகுப்பில் சேர்ந்தேன். விடியற்காலை பஸ்ஸில் திண்டிவனம் வழியாகப் போய்விட்டு ராத்திரி திரும்புவேன். வகுப்பில் பெரும்பாலும் நகைக்கடைக்காரர்களின் பிள்ளைகள். நெல்லுக்குத் தரம் போடுகிறவள் என்று நான் சொன்னதும் வேடிக்கையாகப் பார்த்தார்கள். ஆனால் அந்த வகுப்பில் எனக்கு எதுவும் புதிதாகத் தோன்றவில்லை. பார்க்கிற பொருள்தான் வேறு.

நிறத்துக்கு ஆங்கில எழுத்துகள் வைத்திருக்கிறார்கள். டி என்றால் நிறமே இல்லாதது. அங்கிருந்து கீழே இறங்க இறங்க மஞ்சள் ஏறும். ஏ, பி, சி எங்கே போயிற்று என்று கேட்டேன். அந்த எழுத்துகளை முன்பே ஆளாளுக்கு இஷ்டப்படி வைத்துக்கொண்டு குழப்பியிருந்தார்கள், அதனால் புதிதாக ஆரம்பித்தார்கள் என்றார் பாடம் நடத்தியவர். கல்லை வெள்ளை அட்டையில் குப்புறக் கவிழ்த்து, பக்கவாட்டில் பார்க்க வேண்டும். பக்கத்தில் இன்னொரு கல்லை வைத்தால்தான் ஒன்று வெளுப்பு, ஒன்று மஞ்சள் என்று தெரியும். தனியாக வைத்தால் எனக்கு எல்லாமே வெள்ளைதான். அதுவும் மஞ்சள் தங்கத்தில் கட்டிவிட்டால் லேசான மஞ்சள் யார் கண்ணுக்கும் தெரியாது, அந்த இடத்தில் உயர்ந்த எழுத்துக்குப் பணம் கொட்டுவது வீண் என்றார்.

அப்புறம் வெட்டு. கல்லின் மேல் விழுகிற வெளிச்சம் உள்ளே போய்த் திரும்பி மேலேயே வர வேண்டும். எடை குறையக் கூடாதென்று கோணம் தப்பிப் பட்டை தீட்டினால், வெளிச்சம் அடிவழியாக ஒழுகிப் போய்விடும். கல் பெரிதாக இருக்கும், செத்துக் கிடக்கும். எடையையும் நிறத்தையும் பார்க்கிறவர்கள் வெட்டைப் பார்ப்பதில்லை, ஆனால் எதிரில் நிற்கிறவர் கண்ணில் படுவது அதுதான் என்றார். அம்மா 'கூப்புடுது' என்று சொல்வது இதைத்தான் என்று அங்கே உட்கார்ந்திருந்தபோது புரிந்தது.

இரண்டாவது ஞாயிற்றுக்கிழமை புள்ளிகளைப் பற்றிய பாடம். புள்ளியே இல்லாத வைரம் அபூர்வம். பூமிக்குள் உண்டாகும்போதே ஏதாவது ஒன்று உள்ளே மாட்டிக்கொண்டுவிடும். அது எவ்வளவு பெரிது, எங்கே இருக்கிறது, வெறும் கண்ணுக்குத் தெரிகிறதா என்பதை வைத்துத்தான் படி பிரிக்கிறார்கள். நடுவில் இருந்தால் விலை இறங்கும். ஓரத்தில் இருந்தால், கட்டும்போது தங்க விளிம்புக்குக் கீழே போய் மறைந்துவிடும். பலகையில் படம் வரைந்து அந்த ஓரத்தில் சாக்பீஸால் ஒரு புள்ளி வைத்தார். நான் வீட்டு வாசலில் நின்று பார்த்த அதே இடம். சேட்டு எங்களிடம் கேட்ட விலை அந்தக் கல்லுக்கு நியாயமான விலை. கொஞ்சம் குறைவு என்று கூடச் சொல்லலாம். கட்டியிருந்தால் அந்தப் புள்ளியை யாரும், எந்த லென்ஸை வைத்தும் பார்த்திருக்க முடியாது.

மறுநாளே கடைக்குப் போயிருக்க வேண்டும். போகவில்லை. சேட்டுக்கு முன்னால் போய் நின்று, நான் அரைகுறையாகப் பேசிவிட்டேன் என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஒரு மாதம் கழித்து, வேறு ஏதோ வேலையாக வந்தவள் போல போய்க் கேட்டேன். மேல்மலையனூர் பக்கத்துக் குடும்பம் ஒன்று வாங்கிப் போய்விட்டது என்றார். ராசி பார்த்தார்களா என்று கேட்டேன். "பாத்தாங்க. ஏழு நாளும் வச்சிருந்தாங்க" என்றார். அந்த 'ஏழு நாளும்' எனக்காகச் சொன்னதுதான்.

அதற்கப்புறம் எனக்குப் பிடித்தது ஒரு நோய் என்றுதான் சொல்ல வேண்டும். விட்ட கல்லைவிட நல்ல கல்லாக வாங்கிக் காட்ட வேண்டும். சேட்டு ஒரு கல் வரவழைத்தார். புற ஊதா வெளிச்சத்தில் வைத்தபோது அது நீலமாக மின்னியது. எனக்கு நடத்திய பாடத்தில் அது விலையைக் குறைக்கக் கூடியது. "அந்தக் காலத்து ஆளுங்க இந்த நீலத்தத்தான் தேடித் தேடி வாங்குவாங்க மேடம்" என்றார். வேண்டாம் என்றேன். அடுத்த கல் எழுத்தில் ஒரு படி கீழே. வேண்டாம். அதற்கடுத்தது எல்லாம் சரி, சர்டிபிகேட்டில் ஒரு குறிப்பு எனக்குப் பிடிக்கவில்லை. இவையெல்லாம் அம்மாவின் கண்ணுக்குக் கூடக் காட்டாமல் நானே கடையில் தள்ளிவிட்ட கற்கள். கமிட்டியில் நான் ஒரு குவியலுக்குத் தரம் எழுதப் பத்து நிமிஷத்துக்கு மேல் எடுப்பதில்லை. மூட்டைக்காரன் வெயிலில் நிற்கிறான் என்று தெரியும். என் வீட்டில் இரண்டு பேர் நின்றுகொண்டிருந்தது மட்டும் தெரியவில்லை. மூன்று வருஷம் போயிற்று.

அம்மா அதைப் பற்றிப் பேசவே இல்லை. நைனாதான் கேட்பார். கடைசியாக ஒரு நாள் போனில், "இன்னா பாப்பா, கல்லு கெடைச்சுதா?" என்றார். "பாத்துக்கிட்டு இருக்கேன் நைனா. இன்னும் கொஞ்சம் நல்லதா வரட்டும்" என்றேன். "பாரு பாரு. நீ தரம் பாத்து முடிக்கறதுக்குள்ள நெல்லு சாக்குலயே மொளைச்சுடும் போலக்குது" என்றார். இரண்டு பேரும் சிரித்தோம். அந்தச் சிரிப்பைத்தான் இப்போது பஸ்ஸில் போகும்போது, மூட்டைக்கு நடுவில் நிற்கும்போது, எந்தக் காரணமும் இல்லாமல் கேட்கிறேன்.

மல்லாட்டை பிடுங்கும் சமயம் அது. நைனா நிலத்திலேயே நெஞ்சைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்தார். செஞ்சிக்குக் கொண்டுவந்து சேர்ப்பதற்குள் முடிந்துவிட்டது. எந்தக் கல்லும் எங்கள் வீட்டில் இல்லாத வருஷம்.

கருமாதி அன்று அம்மாவை உட்கார வைத்துப் பூ, மெட்டி, தாலி என்று ஒவ்வொன்றாக எடுத்தார்கள். எங்களில் மூக்குத்தியும் போட்டுக்கொள்ளக் கூடாது. முப்பது வருஷத்துக்கு மேல் கழற்றாத திருகு இறுகிப் போயிருந்தது. நைனாவின் தங்கை, என் அத்தை, தேங்காய் எண்ணெய் விட்டுத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள். அம்மாவின் கண்ணிலிருந்து தண்ணீர் வந்தது. அது எதனால் வந்த தண்ணீர் என்று யாரும் கேட்கவில்லை. கல் கழன்று வந்ததும் அந்த இடத்தில் வட்டமாக வெளிறிய தோல் தெரிந்தது. ஊரில் எல்லாவற்றுக்கும் எதிர்ப்பேச்சு பேசுகிற நான், அதை மட்டும் விடுங்கள் என்று ஒரு வார்த்தை சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. எந்த முகத்தோடு சொல்வது?

ஒரு வருஷம் போனது. நைனா கொடுத்த பாதி என்னிடமே இருந்தது. அதை என்ன செய்வதென்று தெரியவில்லை. அது அவர் சொன்ன சொல், அதை நான் வைத்துக்கொண்டிருப்பது திருட்டு மாதிரி இருந்தது. ஒரு நாள் சேட்டு கடைக்குப் போய் உட்கார்ந்தேன். எழுத்தும் படியும் கேட்கவில்லை. ஐந்தாறு கல்லை வெள்ளைத் தாளில் போடச் சொல்லி, எட்டி நின்று பார்த்தேன். ஒன்று கூப்பிட்டது. நிறத்தில் நடுத்தரம், உள்ளே ஓரிரு புள்ளி, வெட்டு மட்டும் அருமை. மஞ்சள் தங்கத்தில் கட்டித் தரச் சொன்னேன். "ராசி?" என்று கேட்டார். தேவையில்லை என்றேன். சேட்டு என்னைப் பார்த்துவிட்டு அளவு எழுதிக்கொண்டார்.

ஊருக்குப் போகும் வழியெல்லாம் அம்மாவிடம் பேச வேண்டியதை ஒத்திகை பார்த்தேன். இந்தக் காலத்தில் யார் அம்மா அதெல்லாம் பார்க்கிறார்கள், உன் மூக்கு, உன் இஷ்டம் என்று. மதியம் இரண்டு மணி இருக்கும். அம்மா கூடத்தில் மல்லாட்டை உரித்துக்கொண்டிருந்தாள். பக்கத்தில் உட்கார்ந்தபோதுதான் பார்த்தேன். மூக்குத்தி இருந்த இடத்தில் ஒரு சின்ன வேப்பங்குச்சி செருகியிருந்தது. காது மூக்குக் குத்திய பிள்ளைகளுக்கு ஓட்டை தூர்ந்துவிடாமல் இருக்கச் செருகுவார்களே, அது.

"இது இன்னாம்மா?" என்றேன்.

"சும்மா."

"எப்பலேர்ந்து?"

"அப்பலேர்ந்துதான். கேக்கறவங்களுக்கு மூக்குல புண்ணுன்னு சொல்லிக்கினு இருக்கறேன்" என்றாள். உரிப்பதை நிறுத்தவில்லை.

நான் ஒத்திகை பார்த்த எதையும் பேச வேண்டியிருக்கவில்லை. டப்பாவைத் திறந்து அவள் முன்னால் வைத்தேன். "நைனா வாங்கிக் குடுத்தது" என்றேன். அவர் சொல்லச் சொன்னபடிதான் சொன்னேன். அம்மா அதைத் தொடாமல் கையில் இருந்த மல்லாட்டையை உரித்து முடித்தாள். பிறகு எழுந்து போய்க் கையையும் முகத்தையும் கழுவிக்கொண்டு வந்தாள். வாசல் கதவைச் சாத்தினாள். வேப்பங்குச்சியை உருவி ஜன்னல் விளிம்பில் வைத்தாள். பீரோ கண்ணாடி முன்னால் நின்று, என்னைக் கூப்பிடாமல், தானே திருகிப் போட்டுக்கொண்டாள்.

பின்கட்டுக் கதவு திறந்திருந்தது. அந்த வெளிச்சத்துக்கு வந்து நின்று என் பக்கம் திரும்பினாள். கல் பளிச்சென்று வெட்டியது. முப்பத்தைந்து வருஷமாக அவள் ஊரெல்லாம் பார்த்துக்கொண்டு வந்தது அவள் முகத்தில் இருந்தது. எனக்கு அழுகையும் பெருமையும் சேர்ந்து வந்தன.

"எப்புடி இருக்குது?" என்றாள்.

"சூப்பரா இருக்குதும்மா" என்றேன். "வெளிச்சம் பூரா மேல வருது பாரு. கொஞ்சம் கூட ஒழுகல. கட்டிங் அவ்ளோ சுத்தம்."

அவள் குரலில் கோபம் இல்லை.

"நீ கல்லப் பாக்குற. அவரு இருந்திருந்தா என்னைப் பாத்திருப்பாரு" என்றாள்.

மூக்குத்தியைக் கழற்றி என் கையில் வைத்தாள். நீயே போட்டுக்க என்றாள். ஜன்னல் விளிம்பிலிருந்து வேப்பங்குச்சியை எடுத்து மறுபடி மூக்கில் செருகிக்கொண்டு, சாத்திய வாசல் கதவைத் திறந்துவிட்டு, மல்லாட்டை உரிக்க உட்கார்ந்தாள். இன்னும் அந்தக் குச்சியை வாரத்துக்கு ஒரு முறை மாற்றிக்கொண்டுதான் இருக்கிறாள்.